வல்லினத்தில் ஒரு வில்லன்

நம் வயசுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பேரப்பிள்ளைகளின் பெயரை ஒரே தடவையில் சரியாகக் கூப்பிட உங்களுக்கு வருகிறதா? எனக்கு வரவில்லை. என் மகள் வயிற்றுப் பேத்திக்கு வைத்திருக்கும் பெயரில் ஓர் எழுத்துகூடப் பல்லில் படாது, அண்ணத்தில் ஒட்டாது. வெறும் காற்றுதான். பெயர் மென்மையாக இருந்தால் பிள்ளையும் மென்மையாக வளரும் என்று செல்போனில் யாரோ சொன்னார்களாம். அந்த மென்மையான பிள்ளை போன வாரம் என் மூக்குக் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

இந்தப் பெயர்ப் பைத்தியம் புதிது என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்தக் காலத்திலேயே அது முற்றிப்போயிருந்தது. அதனால் என் அக்காவின் கல்யாணம் ஒரு தடவை நின்றது. இரண்டாம் தடவையும் நிற்கப் பார்த்தது. அந்தப் பங்குனியை இப்போது நினைத்தாலும் எனக்கு அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வந்துவிடுகிறது.

அந்த ஒருவர் என் சித்தப்பா. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வரும்போது முடி, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சித்தி வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். வருஷம் முழுக்க மில், பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கல் வந்தால் நாடகம் என்பது அவர் வாழ்க்கை. எழுதுவது, பழக்குவது, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். கதை வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு நல்லவன், ஒரு நல்லவள், நடுவில் ஒரு கெட்டவன். கதைக்காக அவர் மண்டையை உடைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெயருக்காகத்தான் சோறு தண்ணீர் இல்லாமல் அலைவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதை நாம் பரீட்சையோடு மறந்தோம். அவர் மறக்கவில்லை. கெட்டவனுக்கு வல்லினத்தில் பெயர் வைக்க வேண்டும். கதாநாயகிக்கு மெல்லினம். கதாநாயகன் இடையினம், அவன் இரண்டுக்கும் நடுவில் நின்று சண்டை போடுகிறவன் அல்லவா. ஒரு வருஷம் கதாநாயகனுக்கு வீரவேல் என்று வைத்துவிட்டு, நாலு எழுத்தும் இடையினம் என்று தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார்.

வைத்த பெயரைச் சோதிக்கிற இடம் மில்தான். அங்கே மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது, எல்லோரும் வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். சித்தப்பா மிஷினின் ஒரு முனையில் நின்று பெயரைக் கத்துவார். மறுமுனையில் முதுகு காட்டி நிற்கிறவர் திரும்பிப் பார்த்தால் அது வில்லன் பெயர். திரும்பாவிட்டால் அது கதாநாயகி பெயர். சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்த நாட்களும் உண்டு.

இந்தச் சட்டப்படி, நான் சொல்கிற வருஷத்துக்கு முந்தின வருஷம், வில்லனுக்குக் கடற்கரை என்று வைத்திருந்தார். நம் பக்கத்தில் ஆண்களுக்கு வைக்கிற பெயர்தான். ஐந்து எழுத்தில் நாலு வல்லினம். கடைசிக் காட்சியில் அந்தக் கடற்கரையை ஊரே சேர்ந்து விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியது. தெரு கை தட்டி ஓய்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சங்கரன்கோவில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவர் இருந்தார். பெயர் கடற்கரை. எங்கள் வீட்டு ஆளை விளக்குமாற்றால் அடித்த வீட்டில் பெண் எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்பெல்லாம் டைப்ரைட்டிங் கிளாஸ் விட்டு வந்தால் வாத்தியார் மாதிரி பேசிக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாள். அதை விட்டுவிட்டாள். வருவாள், கால் கழுவுவாள், உள்ளே போய்விடுவாள். தெருவில் அவளை நின்றுபோன பெண் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இன்னொன்றும் நின்றால் பிறகு யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் சித்தியிடம் சொன்னதை நான் கேட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மற்றதெல்லாம் புரியாவிட்டாலும் அது நன்றாகப் புரிந்தது.

மறு பங்குனி நெருங்கியதும், இந்த வருஷம் நாடகமே வேண்டாம் என்று அம்மா சொன்னார். சித்தப்பா சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கையால் அடித்துச் சத்தியம் செய்தார்.

"மைனி, இந்தத் தடவை உலகத்துல எவனுக்கும் இல்லாத பேரா நானே உண்டாக்குதேன். ஒருத்தன் வந்து அது என் பேருன்னு சொல்லட்டும், பொறவு நான் நாடகம் எழுதல."

முதலில் உண்டாக்கியது கதாநாயகி பெயரை. நளினி என்று தெருவில் ஒரு பெண் இருந்தாள், அதனால் அதைக் கொஞ்சம் மாற்றி நல்லினி என்றார். நல்ல, இனிய, இரண்டும் உள்ளே இருக்கிறது, மில்லில் கத்தினால் ஒருவர் காதிலும் விழவில்லை என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஒத்திகை எங்கள் பின்வாசலில்தான். கதாநாயகனாக நடித்தவர் வானத்தைப் பார்த்து, நல்லினி என்று நீட்டிக் கூப்பிட்டு நிறுத்தினார். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து, "சம்ப்பு" என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் சம்ப்பு. அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதில்மேல் எட்டிப் பார்த்தார். அவர்கள் பாஷையில் நல்லி என்றால் மூட்டைப்பூச்சி. நல்லினி என்றால் மூட்டைப்பூச்சியை. "மூட்டப்பூச்சியைன்னு சொல்லிட்டு அப்படியே நின்னா எப்படி, என்ன செய்யன்னு சொல்லணும்ல" என்றார். சம்ப்பு என்றால் கொல்லு.

எங்கள் ஊரில் பாதிப்பேர் வீட்டில் தெலுங்கு. காதல் காட்சியில் பாதிக் கூட்டம் கொல்லு கொல்லு என்று கத்தியிருக்கும். சித்தப்பா வெலவெலத்துப்போய் அந்த அம்மாவிடமே வேறு பெயர் சொல்லிப் பார்த்தார். வெண்ணிலா என்றதும், எங்க பாஷையிலயும் அது நிலாதான், வச்சுக்கோங்க என்று அனுமதி கொடுத்தார். அதற்குப் பிறகு கதாநாயகியின் தோழி பெயர், அம்மா பெயர் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்வந்தன. வில்லன் பெயர் மட்டும் போகவில்லை. மெல்லினத்தில்தான் இப்படி ஏமாற்று வேலை இருக்கும், வல்லினம் வெளிப்படையானது, அதில் தப்பு வராது என்று சித்தப்பா நினைத்தார்.

வில்லன் பெயரோடு அவர் மில்லிலிருந்து வந்த சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. பஞ்சைக்கூடத் தட்டவிடாமல் உள்ளே வந்து எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சடகோபன். ச, ட, க, ப. அம்புட்டும் வல்லினம். சடசடன்னு வருவான், உள்ளுக்குள்ள கோபம் இருக்கு பாருங்க. கடைசி மிஷின்ல நின்னவன்லாம் திரும்பிட்டான்."

வில்லனாக நடிக்க இருந்த, மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் மட்டும், எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார். நல்ல பெயர் என்றால் அப்படித்தான், முதல் தடவையிலேயே பழகினது மாதிரி இருக்கும் என்று சித்தப்பா வாயை அடைத்துவிட்டார். மாரியம்மன் கோயிலையும் அய்யனார் கோயிலையும் தவிர வேறு படி மிதிக்காத குடும்பம் எங்களுடையது. நோட்டீஸ் அடித்தாயிற்று. கொடியவன் சடகோபன் என்று கொட்டை எழுத்தில் போட்டு, ரோஸ் நிறத் தாளில், சுவர் சுவராக ஒட்டினார்கள்.

இதற்கு நடுவில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்காவைக் கேட்டு வந்தார்கள். கோர்ட்டுக்குப் போகிற வழியில் பாத்திரக்கடை. அப்பாவும் மகனும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள். தரகர் அந்தப் பெரியவரைக் கோபு முதலாளி என்றுதான் சொன்னார். கோபு என்றால் கோபாலகிருஷ்ணன் என்று எங்கள் வீட்டில் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். சாதகம் பார்க்கிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது. மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம், வெள்ளைப் பூ வந்தது, சாமி சம்மதம், அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பெரியவர் வாயைத் திறக்கவே இல்லை. கேசரியைத் தொடவில்லை, முறுக்கைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா வரவேற்றுப் பேர் கேட்டபோது கோபு என்று உதட்டோடு சொல்லி நிறுத்திவிட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, கல்லு மனுஷன் என்று பெரியவர்கள் எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். மாப்பிள்ளை திரும்பத் திரும்பத் தண்ணீர் கேட்டார். அக்கா ஒவ்வொரு தடவையும் அவளே கொண்டுபோனாள். கடைசித் தடவை உள்ளே வந்தபோது, ஒவ்வொரு டம்ளரையும் அவர் பாத்திரக்கடைப் பழக்கத்தில் தட்டிப் பார்த்ததை விரலால் சுண்டி நடித்துக் காட்டினாள். அவள் அப்படிச் செய்து காட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிடித்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். உங்கள் தெருப் பொங்கலுக்கு வருகிறோம், மறுநாள் உறுதி செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்காக, இந்த வருஷம் வில்லன் பெயர் யாருக்கும் இல்லையே என்று சித்தப்பாவைத் தினமும் கேட்பார்.

பொங்கல் அன்று பொழுது சாயவும் மேடை தயார். சீரியல் லைட்டும், கனகாம்பர வாசனையும், அரிதாரத்தின் நெடியுமாக இருந்தது. நானும் அந்த நாடகத்தில் இருந்தேன். கதாநாயகியின் தங்கச்சி. கதாநாயகி எங்கள் மில் கிளார்க், மீசையை எடுத்துவிட்டுத் தாவணி கட்டியிருந்தார். திரை விலகியதும் நான் ஓடிவந்து, அக்கா, சடகோபன் வாரான், கதவைச் சாத்து என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஒரு வசனம்தான். தூக்கத்திலும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்துவது மரியாதை. பொன்னாடை என்பது ஒரு புதுத் துண்டு, வேறொன்றுமில்லை. அதற்காக மைக்செட்டுக்காரர் மாப்பிள்ளையிடம் போய் முழுப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்றிருந்தோம். ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகை தந்திருக்கும் பெரியவர் திரு. சடகோபன் அவர்களுக்குப் பொன்னாடை."

பெருமாள் கோயிலில் சாமி பாதம் என்று நம் தலையில் கவிழ்த்து வைக்கிறார்களே சடாரி, அதற்கே அந்தப் பெயர்தான் என்று எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால் குழந்தைகூடச் சொல்லும். பஸ்ஸில் ஏறினால் செத்த நேரத்தில் வருகிற ஊர்தான். சித்தப்பாவின் காதில் அது என்றோ விழுந்து தங்கியிருக்கிறது. மனுஷன் தானே உண்டாக்கியதாக நம்பிவிட்டார்.

சித்தப்பா முகத்தில் இருந்த களை போன இடம் தெரியவில்லை. வில்லன் பிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரச் சொல்லாதலே" என்றார். பிறகு எந்தப் பெயரைச் சொல்ல என்று அவர் கேட்டார். வருஷம் முழுக்கப் பெயர் யோசிக்கிற மனுஷனுக்கு அப்போது ஒரு பெயரும் வரவில்லை. என்னைக் குனிந்து பார்த்து, "ஏட்டி, வேற பேரு எதையாச்சும் சொல்லு" என்றார். குரல் அழுவது போல இருந்தது. அதற்குள் திரை விலகிவிட்டது.

நான் ஓடினேன். எதிரே அம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்திருந்தாள். முன்வரிசையில் அந்தப் பெரியவர் புதுத் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்றேன். அதற்குமேல் வாயில் சடகோபன் மட்டும்தான் இருந்தது, அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பெட்டியில் வெள்ளைப் பெயின்டில் பெயர் எழுதியிருந்தது. நான் அதை வாசித்துவிட்டேன்.

"அக்கா, ஞானமணி வாரான், கதவைச் சாத்து."

ஆர்மோனியக்காரர் கை வழுக்கி நாலு கட்டையைச் சேர்த்து அமுக்கிவிட்டார். க்ரீச் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்திலேயே வில்லன் நுழைந்தார்.

பாவம், ஆர்மோனியக்காரர் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்த சாது மனுஷன். என்னைப் பார்த்து மற்றவர்களும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், யார் ஞானமணி என்று சொன்னாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும், கை வழுக்கும், பெட்டி அலறும். அது ஏற்பாடு என்று நினைத்துக் கூட்டம் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தது. நீங்கள் எண்ணிப் பாருங்கள், ஞானமணியில் ஒரு வல்லினம் கிடையாது, முழுக்க மெல்லினம். ஆனால் அன்றைக்கு அந்தப் பெயரைப் போல எங்களைப் பயமுறுத்திய பெயர் இல்லை. அவ்வளவு இனிமையான பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் அத்தனை அக்கிரமம் செய்தால், அவன் எம்புட்டுப் பெரிய கெட்டவனாக இருப்பான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சித்தப்பாவின் சட்டம் அவர் கண்முன்னாலேயே உடைந்தது. ஆனால் அன்று அதைப் பற்றி வருத்தப்படுகிற நிலையில் அவர் இல்லை.

நாடகம் முடிந்து நாங்கள் மூச்சு விடுவதற்குள், அந்தப் பெரியவர் எழுந்து மேடைக்குப் பின்னால் வந்தார். பின்னாலேயே அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள். அக்கா ஓலைத் தட்டியை ஒட்டி நின்றாள். பெரியவர் சித்தப்பாவைப் பார்த்து, எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார். சித்தப்பா தலையை ஆட்டினார்.

"என் பேரை எங்க?"

சித்தப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"சரக்கு எடுக்க இங்க வந்தப்ப பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸப் பாத்தேன். கொடியவன் சடகோபன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சி. வீட்டாளுக அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வந்திருக்கேன். என் பேரைக் காணோமே."

சித்தப்பா கும்பிட்டுக்கொண்டே, தெரியாமல் வைத்துவிட்டேன், பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள் என்று ஏதேதோ சொன்னார். பெரியவர் அவருடைய கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"எங்க ஊர்ல என் பேரைச் சொன்னா பாதிப்பேரு கன்னத்துல போட்டுக்கிடுதாங்க. சின்னப் பிள்ளையில கூட ஒருத்தன் என்னை ஏலேன்னு கூப்பிட்டதில்ல. ஒரு நாளாச்சும் என் பேரைச் சொல்லி நாலு பேரு வையட்டும், உக்காந்து கேட்டுட்டு வருவோம்னு வந்தா, அதையும் மாத்திட்டீயளே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவுக்கு அப்போதுதான் துணிச்சல் வந்தது. அன்றைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, கோபமோ என்று பயந்துவிட்டோம் என்றார். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள்தான் அவர் பல்செட்டு வைத்திருந்தார். ட என்றாலே செட்டு கழன்று எதிரில் இருப்பவர் மடியில் விழும் போலிருந்ததாம். அதனால்தான் சடகோபனில் பாதியை விழுங்கிவிட்டு, கோபு என்று உதட்டோடு நிறுத்தியிருக்கிறார். கேசரியைத் தொடாததும், முறுக்கைப் பார்த்து முகத்தைத் திருப்பியதும் அதற்காகத்தான். கல்லு மனுஷன் என்று தீர்ப்புச் சொன்ன எங்கள் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். அது நல்ல அழுகை.

மறுநாள் உறுதி செய்தார்கள். வைகாசியில் கல்யாணம். அடுத்த பங்குனியில் அவர் கேட்டுக்கொண்டபடியே வில்லனுக்குச் சடகோபன் என்று வைத்தார் சித்தப்பா. முன்வரிசையில் பேரும் புகழுமாக உட்கார்ந்து, தெரு தன் பெயரைச் சொல்லித் திட்டத் திட்ட அந்த மனுஷன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் அக்காவின் மாமனார் கைதேர்ந்தவர். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுதுவார். கல்யாணத்தன்று எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அவர் வெட்டியிருந்த பெயர் ஞானமணி. என் சம்பந்தத்தைக் காப்பாற்றிய பெயர் இதுதான், இனி உனக்கு இதுதான் பேர் என்று கேலியாகச் சொன்னார். நான் அதைத் தரையில் வைக்காமல் கையிலேயே கொண்டு அலைந்தேன். பந்தியில் உட்கார்ந்தபோது இலை ஓரத்தில் வைத்தேன். யாரோ அதை எடுத்து மோர் ஊற்றிப் பக்கத்து இலையில் வைத்துவிட்டார்கள்.

பக்கத்து இலையில் ஆர்மோனியக்காரர். மோரைக் குடித்துவிட்டுக் கீழே வைக்கப் போனவர், விரலில் ஏதோ உறுத்தவே டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசித்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நாடகத்துக்கு அப்புறம் தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்தாலே ஓடினார்கள், அதனால்தான் அவருக்குக் கண் கலங்கியது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

"என்னையும் ஒருத்தர் நெனச்சிப் பேரு வெட்டிக் குடுத்திருக்காரே" என்று பந்தி முழுக்கக் காட்டினார். பிறகு டம்ளரைத் துடைத்துத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒருவருக்கும் சொல்ல மனம் வரவில்லை. மாமனாரும் வாயைத் திறக்கவில்லை, அன்றைக்குப் பல்செட்டு நன்றாகப் பொருந்தியிருந்தும்.

நான் மணவறைக்கு ஓடிப்போய் அக்காவின் மடியில் விழுந்து, என் டம்ளர் போச்சு என்று அழுதேன். அக்கா என்னவென்று கேட்டாள். கேட்டு முடித்ததும், கழுத்தில் மாலை குலுங்க, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அடுப்படிப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறோம். நானும் அழுகையை நிறுத்திவிட்டேன்.